டயல்-அப் முதல் ஃபைபர் வரை: மீட்டர் எதை எண்ணியதோ, வீடு அதன்படி நடந்தது

#1 செம்புக்கம்பி

வீட்டு இணையம் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். 56 கேபிபிஎஸ், 256, 2 எம்பிபிஎஸ், 100, 300 என்று ஏறுவரிசை. வீட்டுப் பழக்கத்தை மாற்றியதில் வேகத்தைவிட பில்லுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. பில் முதலில் நிமிடத்தை எண்ணியது, பிறகு எம்பியை எண்ணியது, இப்போது மாதத்தை மட்டும் எண்ணுகிறது. வீட்டில் யார் எப்போது உட்காரலாம், எதைத் திறக்கலாம், எதை நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிட்டது. முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. தனிநபர் கணக்குக்கு 5,000 ரூபாய், அதற்கு 250 மணி நேரம், வேகம் 9.6 கேபிபிஎஸ். இந்த வேகத்தில் 1 எம்பி இறங்க ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு இருந்தது. அதில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது.

56 கே மோடம் வந்த பிறகும் நம்மூர் லைன்களில் 40, 44 என்றுதான் இணைப்பு விழும். 44-ல் 1 எம்பிக்கு 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். 4 எம்பி பாட்டு ஒன்றுக்கு கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்கு ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) கணக்கிலும் மணி கழியும், போன் பில்லிலும் ஏறும். போனும் எங்கேஜ்டாகவே இருக்கும். அதனால்தான் மெயிலை ஆஃப்லைனில் எழுதி அவுட்பாக்ஸில் போட்டுவைப்பது, இணைப்பு கிடைத்ததும் அனுப்பு-பெறு ஒருமுறை அழுத்துவது, உடனே துண்டித்துவிட்டு வந்ததை நிதானமாகப் படிப்பது என்று பழக்கம் வந்தது. பக்கத்தைத் திறந்து "ஆஃப்லைனில் வேலை செய்" போட்டுவிட்டுப் படிப்பதும் அப்படித்தான்.

மற்ற காலகட்டங்களைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நினைவலைகள் வேண்டாம். என்ன கருவி, என்ன கட்டணம், எங்கே பழுதாகும், அதனால் வீட்டில் என்ன மாறியது என்று எழுதினால் பிறகு வருகிறவர்களுக்குப் பயன்படும்.

#2 அண்ணாசாலை172

நல்ல இழை. ஒரு மறுப்போடு ஆரம்பிக்கிறேன். டயல்-அப் காலத்தில் "வீட்டு இணையம்" என்பதே சிறுபான்மை விஷயம். கம்ப்யூட்டர், மோடம், லேண்ட்லைன் மூன்றும் இருக்கிற வீடு தெருவுக்கு ஒன்று இரண்டுதான். மற்றவர்களுக்கு இணையம் என்றால் பிரவுசிங் சென்டர். பரீட்சை ரிசல்ட் பார்ப்பது, பயோடேட்டா அனுப்புவது எல்லாம் அங்கேதான். 2002-ல் ரயில் டிக்கெட் ஆன்லைனில் வந்தபோதும் பலர் சென்டருக்குப் போய்த்தான் போட்டார்கள். அங்கே மீட்டர் மணிக்கணக்கு. அந்தத் தேவை இன்றும் தீர்ந்துவிடவில்லை. இ-சேவை மையமாகவும், பிரிண்ட் எடுக்கிற ஜெராக்ஸ் கடையாகவும் உருமாறி இருக்கிறது.

இனி வீட்டு டயல்-அப். 1998 நவம்பரில் தனியாருக்கு ஐஎஸ்பி உரிமம் திறந்துவிட்ட பிறகு மணிக்கணக்கு பேக் கடைகளில் கிடைத்தது. பெட்டிக்குள் சிடி ஒன்று, யூசர்நேம், பாஸ்வேர்ட். பிஎஸ்என்எல்லில் அதற்கென்று இருந்த எண்ணுக்கு டயல் செய்தால் தனிக் கணக்கே வேண்டாம், உங்கள் போன் எண்ணிலேயே பில் ஏறும்.

பழுதுகளில் முதலாவது மோடம்தான். விலை குறைந்த பிசிஐ மோடங்கள் பெரும்பாலும் வின்மோடம். சிக்னல் வேலையை கம்ப்யூட்டரின் பிராசஸர்தான் செய்யும். அதனால் பழைய மெஷினில் வேறொரு புரோகிராம் திறந்தாலே லைன் கட்டாகும். சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்தில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கால் வெயிட்டிங். அந்த "பீப்" சத்தம் மோடத்துக்கு சிக்னல் கெட்டதுபோல் தெரியும், இணைப்பு அறுந்துவிடும். அதனால் நெட் வைத்திருந்த வீடுகளில் அந்த வசதியை எடுத்துவிடச் சொல்வார்கள்.

மழைக்காலத்தில் ஜாயிண்டில் ஈரம் இறங்கினால் இரைச்சல் ஏறும், மோடம் தானாகவே 28.8-க்கு இறங்கிவிடும். போனில் லேசான கரகரப்புதான் கேட்கும், பேச முடியும், ஆனால் நெட் ஓடாது. "போன் நல்லாத்தானே இருக்கு" என்று லைன்மேன் சொல்வதும் "நெட் வரலையே" என்று வீட்டுக்காரர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருந்தது இதனால்தான்.

இடி இடித்தால் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, போன் வயரையும் பிடுங்க வேண்டும். மோடம் எரிவது பெரும்பாலும் போன் லைன் வழியாக வரும் மின்னலால்.

#3 கயல்விழி_க

தமிழில் படிப்பதற்கு என்ன பாடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. அது தனி வரலாறு.

தொண்ணூறுகளின் இறுதியில் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் தனி எழுத்துரு. அதை முதலில் இறக்கி, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, பிரவுசரில் என்கோடிங்கை "யூசர் டிஃபைன்ட்" என்று மாற்றினால்தான் பக்கம் படிக்க வரும். இல்லையென்றால் ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குவியல் மாதிரி தெரியும். பக்கத்தோடு தானாக இறங்கும் டைனமிக் ஃபான்ட் பிறகு வந்தது. அதிலும் பல தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் சரியாகத் திறந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையும், தமிழ் எழுத்தைக் கணினியில் குறிக்கும் டாம், டாப் குறியீடுகளும் தரப்படுத்தப்பட்டன. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியீடும் ஓடிக்கொண்டிருந்தது. ஆக ஒருவர் அனுப்பும் மெயிலை இன்னொருவர் படிக்க, இருவரிடமும் ஒரே குறியீட்டு எழுத்துரு இருந்தாக வேண்டும்.

யூனிகோட் வந்த பிறகும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் திறந்து, லாங்குவேஜஸ் பகுதியில் "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" பெட்டியை டிக் செய்ய வேண்டும். அப்போது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி இல்லாத வீட்டில் கொம்பும் காலும் இடம் மாறித்தான் தெரியும், "கொ" என்பது பிய்ந்து நிற்கும். இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் பெருகியதில் இ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருளுக்கு எவ்வளவு பங்கோ, மாதக் கட்டண இணைப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு. நிமிடம் எண்ணும் மீட்டர் ஓடும்போது யாரும் உட்கார்ந்து நீளமாகத் தட்டச்ச மாட்டார்கள்.

#4 நாகூர்_அலை

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளையும் சொல்லணும். எங்க பக்கம் பாதி வீடு அப்படித்தான்.

2002 ஏப்ரல் 1-லதான் இந்தியாவுல இணையம் வழியா போன் பேசுறது சட்டப்படி அனுமதி ஆச்சு. ஐஎஸ்டி ரேட்டுக்குப் பயந்து நிமிஷக் கணக்குல பேசினவங்க அப்புறம் ஹெட்செட் மாட்டி மணிக்கணக்குல பேச ஆரம்பிச்சாங்க. டயல்-அப்ல எப்படி முடிஞ்சுதுன்னு கேப்பாங்க. குரலைச் சுருக்குற கோடெக் 8 கேபிபிஎஸ்லயே ஓடும், பாக்கெட் தலைப்பெல்லாம் சேர்ந்தா 20-க்கு மேல போகும். 56 கே மோடத்துல அப்லோடு 33.6 வரை கிடைக்கும். அதனால ஒரு குரல் தாங்கும். படம் தாங்காது. அதுவும் அதே நேரத்துல வேற பக்கம் எதையும் திறக்காம இருந்தாத்தான். குரல் வெட்டி வெட்டி வருதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது பின்னணியில ஓடுற ஆன்டிவைரஸ் அப்டேட்.

#5 இரவுக்கழுகு

எம்பியை எண்ணிய காலத்துக்கு வருவோம். 2004 பிராட்பேண்ட் கொள்கையில் 256 கேபிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் இருந்தால் பிராட்பேண்ட் என்றார்கள். (2013-ல் அதை 512 ஆக்கினார்கள், 2023-ல் 2 எம்பிபிஎஸ்.) 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் பிராட்பேண்ட் சேவையான டேட்டாஒன் வந்தது. போன் பேசிக்கொண்டே நெட் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

வீடுகளில் அதிகம் ஓடியது 500 ரூபாய் திட்டம். பகலில் எண்ணிக்கை உண்டு, அதிகாலை 2 முதல் 8 வரை எண்ண மாட்டார்கள். இந்த ஆறு மணி நேரத்தின் கணக்கைப் பாருங்கள். 256 கேபிபிஎஸ்ஸில் ஆறு மணி நேரம் முழுவதும் இறங்கினால் சுமார் 650 எம்பி வரும், கிட்டத்தட்ட ஒரு சிடி அளவு. ஒரு ராத்திரிக்கு ஒரு லினக்ஸ் சிடி என்று திட்டம் போட்டவர்கள் இதைத்தான் கணக்கிட்டார்கள். 2007-ல் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை ஏற்றியபோது அதே ஆறு மணி நேரத்தில் 5 ஜிபி வந்தது, ஒரு டிவிடி அளவு.

ஆனால் பகல் அளவு வேகத்தோடு சேர்ந்து ஏறவில்லை. 1 ஜிபி அளவு உள்ள திட்டத்தில் 2 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் இறக்கினால் ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் மாத அளவு தீர்ந்துவிடும். அதற்கு மேல் எம்பிக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். டாரென்ட்டை (ஃபைல் பகிரும் மென்பொருள்) நிறுத்த மறந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது இப்படித்தான். டாரென்ட்டில் நீங்கள் ஏற்றுவதும் கணக்கில் சேரும் என்பது பலருக்குப் பில் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது காரணம், மோடத்திலேயே யூசர்நேம் போட்டு எப்போதும் இணைப்பில் வைப்பது. கம்ப்யூட்டர் விழித்திருந்தால் விண்டோஸ் அப்டேட் பகலில் தானாக இறங்கும்.

சரியாக 2 மணிக்கே இறக்கத் தொடங்காமல், கடிகார வித்தியாசத்துக்காக 2:10-க்கு இணைத்து 7:50-க்குத் துண்டிப்பதுதான் பாதுகாப்பான வழக்கம். டவுன்லோட் மேனேஜரில் நேரம் குறித்து, முடிந்ததும் மெஷினை அணைக்கும் வசதியையும் போட்டுவிடுவார்கள்.

#6 டிபிபாக்ஸ்

கம்பி வேலைப் பக்கம் நான் சொல்கிறேன். இன்னும் செம்பில் ஓடும் வீடுகளும் உண்டு, அவர்களுக்கும் உதவும்.

ஏடிஎஸ்எல்லில் (போன் கம்பியிலேயே வரும் பிராட்பேண்ட்) ஒரே ஜோடிக் கம்பியில் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் போகும், டேட்டா 26 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிக்கத்தான் ஸ்ப்ளிட்டர். மூன்று ஓட்டை இருக்கும்: லைன், போன், மோடம். தெருவிலிருந்து வரும் கம்பி முதலில் ஸ்ப்ளிட்டரின் லைன் ஓட்டைக்குத்தான் வரவேண்டும். நம் வீடுகளில் நடக்கும் தப்பு என்னவென்றால், ஹாலில் ஒரு ரோசெட் (போன் வயர் மாட்டும் சுவர்ப் பெட்டி), அதிலிருந்து படுக்கையறைக்கு பேரலல், மாடிக்கு இன்னொரு பேரலல். ஸ்ப்ளிட்டரைக் கம்ப்யூட்டர் மேஜையில் கடைசியில் மாட்டியிருப்பார்கள். மாடி போனை எடுத்தவுடன் நெட் அறுந்துபோகும். மூன்று போனையும் ஸ்ப்ளிட்டரின் போன் ஓட்டைக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு போனுக்கும் தனி மைக்ரோஃபில்டர். காலர் ஐடி பெட்டி, பேக்ஸ், அலாரம் எல்லாமே போன் கணக்குதான்.

பிஎஸ்என்எல் மோடத்துக்குள் போட வேண்டிய செட்டிங்: விபிஐ 0, விசிஐ 35, இணைப்பு வகை பிபிபிஓஇ. ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டு நெட் வரவில்லை என்பவர்கள் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

மோடம் பக்கத்தில் 192.168.1.1 திறந்தால் ஸ்டேட்டஸில் இரண்டு எண் இருக்கும். லைன் அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் தேய்ந்த அளவு), எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலுக்கு மேல் சிக்னல் நிற்கும் இடைவெளி). அட்டெனுவேஷன் கிலோமீட்டருக்குத் தோராயமாக 13, 14 டிபி (டெசிபல்) ஏறும். 55 காட்டினால் எக்ஸ்சேஞ்ச் 4 கிலோமீட்டர் தள்ளி என்று அர்த்தம். அந்த வீட்டுக்கு எந்த மோடம் வாங்கினாலும் 8 எம்பிபிஎஸ் வராது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் 1 கிலோமீட்டரில் இருந்தும் அட்டெனுவேஷன் 40 காட்டினால் நடுவில் ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. எஸ்என்ஆர் 6-க்குக் கீழே போனால் அடிக்கடி அறுந்து அறுந்து வரும். 10-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை.

ஜாயிண்ட் எப்படிக் கெடும் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் புரியும். கம்பத்து டிபி பாக்ஸிலிருந்து (வீடுகளுக்குக் கம்பி பிரியும் பெட்டி) வீட்டுக்கு வரும் ட்ராப் வயரை நடுவில் வெட்டி முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். இரண்டு மழைக்குப் பிறகு டேப்பின் பசை கரைந்து உள்ளே நீர் நிற்கும். செம்பு பச்சையாகப் பூக்கும். அந்தப் பச்சைதான் எஸ்என்ஆரைத் தின்பது. பிரித்துச் சுரண்டி மறுபடி முறுக்குவது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். ஜெல் நிரப்பிய கனெக்டர் வைத்து அழுத்த வேண்டும், அல்லது கம்பத்திலிருந்து ஜாயிண்ட் இல்லாத புது வயர் இழுக்க வேண்டும். இரண்டாவதுதான் சரி.

#7 மொட்டைமாடி_ஸ்விட்ச்

டிபிபாக்ஸ் அண்ணன் சொன்னது ஒரு பாதை. தெருவுக்குள் இணையத்தைக் கொண்டுபோனதில் கேபிள்காரர்களுக்கும் பெரும் பங்கு. அதை யாரும் சரியாக எழுதிவைக்கவில்லை.

ஆபரேட்டர் ஏதாவது ஒரு வீட்டு மாடி வரை ஃபைபர் கொண்டுவருவார். அங்கே தகரப் பெட்டிக்குள் ஒளியை மின் சிக்னலாக்கும் மீடியா கன்வர்ட்டரும் 8 போர்ட் ஸ்விட்சும். அதிலிருந்து மாடிக்கு மாடி கேட் 5 கேபிள். ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. 120, 130 மீட்டர் இழுத்தால் லைட் எரியும், பிங் போகும், பெரிய ஃபைல் இறங்கும்போது பாக்கெட் தொலையும். வீட்டுக்குள் போடும் சாதாரண கேட் 5 உறை வெயிலில் ஒன்றிரண்டு கோடையில் வெடித்துவிடும். கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள்தான் போட வேண்டும்.

முக்கியப் பிரச்சினை மின்சாரம். அந்த ஸ்விட்ச் ஒருவர் வீட்டுக் கரண்டில் ஓடும். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போய்விடும், ஏனென்றால் நான்காவது வீட்டு மாடிப் பெட்டியில் பேட்டரி இல்லை. "கரண்ட் இருக்கு, நெட் ஏன் இல்லை" என்று கேட்டவர்களுக்கு விடை அந்தப் பெட்டிதான்.

இன்னொன்று மின்னல். நீளமான செம்புக் கேபிள் மாடியில் கிடந்தால் பக்கத்தில் எங்கே இடி விழுந்தாலும் தூண்டல் மின்சாரம் ஓடிவந்து லேன் போர்ட்டை எரிக்கும். ஐப்பசி மழையில் ஒரே தெருவில் பத்து ரூட்டர் போகும். ஃபைபரை வீடு வரை கொண்டுவந்ததும் இந்த இரண்டும் போயின. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, நடுவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டும் வேண்டாம்.

சிசிடிவி வைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. ரூட்டரின் வேன் (WAN, வெளிப்பக்க) ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்குப் பொது ஐபி கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிடுகின்றன. வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாது. டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டி), நிறுவனத்தின் சர்வர் வழியாக இணைக்கும் பி2பி வசதியை இயக்குங்கள், இல்லையேல் ஸ்டாடிக் ஐபிக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள்.

#8 கயல்விழி_க

மீட்டர் நின்ற காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்த பிறகு மொபைல் டேட்டாவை எம்பியில் எண்ணுவதை வீடுகள் விட்டுவிட்டன. பல வீடுகளுக்கு முதல் இணையமே அதுதான், லேண்ட்லைன் மோடம் கண்ணிலேயே பட்டதில்லை. மூன்று வருடம் கழித்து அதே தேதியில் ஜியோ ஃபைபர். மற்ற நிறுவனங்களும் மாதம் முழுக்க ஒரே கட்டணத்துக்கு இறங்கிவந்தன. அன்லிமிடெட் என்றாலும் பல திட்டங்களில் 3,300 ஜிபி போன்ற ஒரு மேல்வரம்பு உண்டு, சாதாரண வீடு அதைத் தொடாது.

2018-ல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. ஊரிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து காத்திருக்கும் வழக்கம் முடிந்தது. விருப்பப் பட்டியலை வீட்டிலேயே நிரப்பலாம். இணைப்பு இல்லாத குடும்பத்துக்கு உதவி மையம்.

2020 ஊரடங்கில்தான் அப்லோடு என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. ஏடிஎஸ்எல்லில் இறக்கம் 8 எம்பிபிஎஸ் இருந்தாலும் ஏற்றம் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள்தான். ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்றத்தில் 1 முதல் 1.5 வேண்டும். அம்மாவுக்கு அலுவலகக் கூட்டம், பிள்ளைக்கு வகுப்பு என்று இரண்டு கேமரா ஓடினால் லைன் திணறும். பிள்ளையின் கேமராவை அணைக்கச் சொன்ன வீடுகள் எத்தனை! ஃபைபரில் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் சமம். இன்றைக்கு 30 எம்பிபிஎஸ் ஃபைபரே நான்கு பேர் வீட்டுக்குப் போதும் என்று உறுதியாகச் சொல்வேன். எச்டி படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ்தான். தட்கல் டிக்கெட்டுக்கு 300 எம்பிபிஎஸ் வாங்குவது வீண், அங்கே நெரிசல் சர்வர் பக்கம்.

#9 கோவை_நூல்

ஃபைபர் வீட்டுக்காரன் கேட்கிறேன். ஓஎன்டி (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, -27.4 என்று இருக்கிறது. சாயங்காலம் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பிஓஎன் லைட் மினுக்குகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. ஆள் வந்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போகிறார். என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

#10 ஒளிநார்

கோவை_நூல் சார், ரீஸ்டார்ட் இதற்கு மருந்தே இல்லை. ஜிபிஓஎன் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறை) ஓஎன்டி பொதுவாக -8 முதல் -27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) வரைதான் வாங்கும். -27.4 என்பது விளிம்பில் நிற்பது. -25-க்குள் கொண்டுவரச் சொல்லுங்கள், -18 முதல் -23 வரை இருந்தால் நிம்மதி. நாளின் வெப்பம் ஏறி இறங்கும்போது கம்பத்தில் சரியாக அமராத கனெக்டரிலோ நசுங்கிய இழையிலோ இழப்பு கொஞ்சம் மாறும். விளிம்பில் நிற்கிற லைனுக்கு அந்த அரை டிபி போதும்.

எங்கே போகிறது என்று கணக்குப் போடலாம். ஆபரேட்டர் பக்கத்துக் கருவியான ஓஎல்டி +4 டிபிஎம் விடுகிறது என்று வையுங்கள். 1:8 ஸ்ப்ளிட்டர் ஒன்றுக்கு சுமார் 10.5 டிபி இழப்பு. இரண்டு அடுக்கு என்றால் 21. ஐந்து, ஆறு கிலோமீட்டர் இழைக்கு 1.5. கனெக்டர் ஒன்றுக்கு 0.3, ஸ்ப்ளைஸ் (இழையை இழையோடு ஒட்டும் இடம்) ஒன்றுக்கு 0.1-க்குள், எல்லாம் சேர்த்து 1.7. ஆக -20 வரவேண்டும். உங்களுக்கு -27.4 என்றால் 7 டிபி எங்கோ தொலைகிறது. கேபிள்காரர் சொல்லாமல் நடுவில் இன்னொரு ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கலாம். 1:4 போட்டாலே 7 டிபி போய்விடும். பக்கத்து வீட்டு ஓஎன்டியும் -27 காட்டினால் பழுது தெருவில். பக்கத்து வீட்டில் -20, உங்களுக்கு மட்டும் -27 என்றால் பழுது உங்கள் ட்ராப்பில்.

ட்ராப்பில் பார்க்க வேண்டியது: பச்சை கனெக்டர் எஸ்சி/ஏபிசி, முனை 8 பாகை சாய்ந்திருக்கும். நீலம் எஸ்சி/யூபிசி, முனை நேர். நீல அடாப்டரில் எதிர்ப்பக்கம் நீலக் கனெக்டர் இருக்க, இந்தப் பக்கம் பச்சையைச் சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் இரு முனைகளும் முழுதாக ஒட்டாது, நாலைந்து டிபி அங்கேயே போகும். இதுதான் நான் முதலில் சந்தேகப்படுவது. அடுத்து வளைவு. வளைவைத் தாங்கும் ஜி.657ஏ2 இழைக்குக்கூட 7.5 மில்லிமீட்டர் ஆரம்தான் எல்லை, பழைய ஜி.652டிக்கு 30 மில்லிமீட்டர். ஜன்னல் கதவிடுக்கு, ஏசி குழாய் ஓட்டை, மூலையில் ஆணி அடித்த கிளிப், இந்த மூன்று இடத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். மீதி கேபிளைக் கட்டை விரல் அளவுக்குச் சுருட்டி ஓஎன்டிக்குப் பின்னால் திணித்திருந்தால் அவிழ்த்து, உள்ளங்கை அகல வளையமாகத் தொங்கவிடுங்கள்.

கனெக்டர் முனையைச் சட்டையில் துடைக்காதீர்கள். 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். இழையின் மையம் 9 மைக்ரான்தான், ஒரு தூசி அதை மூடிவிடும். வெளிச்சம் தெரிகிறதா என்று முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைப் பாதிக்கும்.

#11 கோவை_நூல்

நன்றி சார். பார்த்துவிட்டேன், ஓஎன்டி பக்கம் பச்சை, சுவரில் இருக்கும் பெட்டிக்குள் அடாப்டர் நீலம். பச்சை அடாப்டர் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

#12 ஒளிநார்

அடாப்டர் மட்டும் மாற்றினால் போதாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கனெக்டர் என்ன நிறம் என்றும் பாருங்கள். அதுவும் பச்சையாக இருக்க வேண்டும். நீலமாக இருந்தால் அந்த முனையை வெட்டிப் புதுப் பச்சை பிக்டெயில் (கனெக்டரோடு வரும் சிறு இழை) ஸ்ப்ளைஸ் செய்யணும்.

#13 அண்ணாசாலை172

இன்று "நெட் ஸ்லோ" என்று வரும் புகாரில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான். வெளியே கண்ணாடி இழை வந்துவிட்டது, உள்ளே 9 அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படியே இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அடுக்ககத்தில் எல்லோரும் அதிலேதான். சேனல் 1, 6, 11 தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்காதீர்கள், 3, 4, 8 எல்லாம் இரண்டு பக்கமும் மோதும். பரணில், இரும்பு பீரோ மேல், டிவிக்குப் பின்னால் ரூட்டரை வைக்காதீர்கள்.

மாடி வீடு இருந்தால் ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன் ஒரு கேட் 6 கேபிளை மேலே இழுத்து, அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) ஒன்று வையுங்கள். ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும்போதே ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு 25 மில்லிமீட்டர் பைப் தனியாக விட்டுவிடுங்கள், கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்க்க வேண்டாம்.

#14 டிபிபாக்ஸ்

எல்லோரும் கிடைத்ததைச் சொன்னீர்கள். ஒன்று போய்விட்டது, அதையும் பதிவு செய்யணும். செம்பு லேண்ட்லைனுக்கு வீட்டில் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் பேட்டரி 48 வோல்ட் கம்பி வழியே வரும். புயலில் ஊரே இருட்டாக இருந்தாலும் கம்பி அறுபடாத வரை போன் அடிக்கும். ஃபைபருக்கு மாறியதும் அதே நம்பர், அதே போன், ஆனால் டயல் டோன் கொடுப்பது ஓஎன்டி. கரண்ட் போனால் ஓஎன்டி அணையும், போன் செத்துவிடும். 2016 டிசம்பர் 12 வர்தா போல ஒரு புயலில் மொபைல் டவரும் கைவிட்டால் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேறு வழி இல்லை. மாற்றித் தரும்போது இதை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

#15 நாகூர்_அலை

அண்ணே, இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். உம்மா தனியா இருக்கிற வீடு. ஃபைபர் போட்டாச்சு. மினி யூபிஎஸ் எது வாங்குறது, எவ்வளவு நேரம் தாங்கும்?

#16 டிபிபாக்ஸ்

தம்பி, முதலில் ஓஎன்டி அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படிங்க. பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். 12 வோல்ட் வெளியீடு உள்ள மினி யூபிஎஸ்தான் வேணும், ஆம்பியர் அடாப்டருக்குச் சமமாகவோ மேலேயோ இருக்கணும். 9 வோல்ட், 5 வோல்ட் மாடலும் அதே பெட்டியில் விற்கிறார்கள், கவனம். ஜாக்கின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் விட்டம் 2.1, 2.5 என இரண்டு வகை. 2.1 ஊசிக்கு 2.5 ஜாக் போட்டால் தளர்வாக உட்கார்ந்து, தொட்டாலே ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆகும். நடு முனை பாசிட்டிவா என்று அடாப்டர் படத்தில் பாருங்க.

உள்ளே 2,600 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் ஏறக்குறைய 29 வாட் அவர். ஓஎன்டி வைஃபையோடு 10 வாட் எடுக்கும். மாற்றத்தில் வீணாவது போக இரண்டரை மணி நேரம் கிடைக்கும். வைஃபையை அணைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நீளும். ஓஎன்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் உம்மாவுக்குப் போன் மட்டும் வேண்டிய நேரத்தில் யூபிஎஸ்ஸை ஓஎன்டிக்கு மட்டும் கொடுங்க. இரண்டு வருடத்தில் செல் பலம் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவர் ஸ்விட்சை அணைத்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்க.

கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதை மாற்றிவிடுங்க. அதன் பேஸுக்குத் தனி அடாப்டர், யூபிஎஸ் ஓஎன்டியைக் காப்பாற்றினாலும் பேஸ் அணைந்துவிடும். பொத்தான் பெரிதாக இருக்கும் சாதாரண வயர் போன் ஒன்று வாங்கி ஓஎன்டியின் டெல் 1 என்று எழுதியிருக்கும் ஓட்டையில் சொருகுங்க. டெல் 2-ல் பல இணைப்புகளில் டயல் டோன் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள்.